நியூவெல் நெடுஞ்சாலையில் ஒளித்துவைத்த பெட்டிகள்



வீட்டில் பிள்ளைகளின் உலகப்படம் இருந்தால் அதை எடுத்து அவுஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதியை ஒருமுறை பாருங்கள். தெற்கே மெல்பேர்ண், வடக்கே பிரிஸ்பேன். இவ்விரு நகரங்களுக்கும் இடையில் கடலோரமாக, சிட்னியைத் தொட்டுக்கொண்டு ஒரு வழி இருக்கிறது. கடலையே காணாமல் நாட்டின் உட்புறமாக நேரே மேலேறும் வழி இன்னொன்று. சரக்கு லொறிகளும் நகர நெரிசலை விரும்பாதவர்களும் இரண்டாவது வழியில்தான் போகிறார்கள். அதன் பெரும் பகுதிக்குத்தான் நியூவெல் நெடுஞ்சாலை என்று பெயர். விக்டோரியா மாநில எல்லையில் மறே ஆற்றங்கரையிலுள்ள டொக்கம்வோலில் தொடங்கி, குயீன்ஸ்லாந்து எல்லையிலுள்ள கண்டவிண்டியில் முடிகிறது. நீளம் ஆயிரம் கிலோமீற்றருக்குச் சற்று மேல். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மிக நீண்ட நெடுஞ்சாலை இதுவே. அம்மாநிலத்தின் பிரதான வீதிகள் ஆணையாளராக இருந்த நியூவெல் என்பவரின் பெயரை 1938இல் இதற்குச் சூட்டினார்கள்.

இந்த வீதியில் வளைவுகள் குறைவு. ஏற்ற இறக்கங்களும் குறைவு. கோதுமை வயல், செம்மறி மேயும் வெளி, மீண்டும் கோதுமை வயல் என்று மணித்தியாலக் கணக்கில் ஒரே காட்சி கூடவே வரும். நமது நாட்டு வீதிகளில் பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும் மாட்டுக்கும் ஒதுங்கி ஒதுங்கிப் பழகிய ஒருவருக்கு, இப்படியொரு வீதி கிடைக்காதா என்று ஆசையாக இருக்கும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. பார்ப்பதற்கும் செய்வதற்கும் எதுவுமில்லாத நேரான வீதி தாலாட்டுப் போல வேலை செய்யும். இவ்வீதியின் பல பகுதிகளில் மணிக்கு 110 கிலோமீற்றர் வேகத்தில் ஓட அனுமதி உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு செக்கனுக்கு முப்பது மீற்றர். சாரதியின் கண் நான்கு செக்கன் மூடிக்கொண்டால் வாகனம் நூற்றிருபது மீற்றர் தூரம் ஓட்டுபவர் இல்லாமலே ஓடி முடித்திருக்கும். எதிரே வருவதோ 36 மீற்றருக்கும் அதிக நீளமுள்ள, இரண்டு பெட்டிகளை இழுத்துவரும் லொறியாக இருக்கலாம்.

2023ஆம் ஆண்டு செப்டெம்பர் மாத பாடசாலை விடுமுறையில் இந்த வீதி வழியாகப் போகும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. என் மனைவியின் சகோதரர் தொழில் மாற்றம் பெற்று மெல்பேர்ணிலிருந்து பிரிஸ்பேனுக்குக் குடிபெயர்ந்தார். தளபாடங்கள் லொறியில் முன்னே போக, மச்சான், மதினி, பதின்மூன்று வயது மருமகன், பத்து வயது மருமகள், அப்போது அங்கே விருந்தாளியாக இருந்த நான் என ஐவரும் காரில் புறப்பட்டோம். ஏறக்குறைய 1,700 கிலோமீற்றர். மூன்று நாட்கள் என்று திட்டம். எங்கே நிறுத்துவது என்பதை மச்சான் தீர்மானிப்பார் என்று நினைத்திருந்தேன். தீர்மானித்தது மருமகன். அவனுடைய கையடக்கத் தொலைபேசியில் வீதியின் வரைபடம் இருந்தது. வீதியின் இரு மருங்கிலும் அதில் பச்சைப் புள்ளிகள் இருந்தன. ஒவ்வொரு புள்ளியும் யாரோ ஒருவர் ஒளித்துவைத்த ஒரு பெட்டி.

இந்த விளையாட்டுக்கு ஜியோகேஷிங் என்று பெயர். ஜியோ என்பது பூமியைக் குறிக்கும் கிரேக்கச் சொல். கேஷ் என்பது மறைத்துவைத்த பொருளைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். இதன் பிறப்பு நாள் துல்லியமாகத் தெரியும். வானில் சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் அமெரிக்கச் செய்மதிகள் அனுப்பும் சமிக்ஞையைக் கொண்டு, பூமியில் நாம் நிற்கும் இடத்தை அறிவதைத்தான் ஜி.பி.எஸ். என்கிறோம். 2000ஆம் ஆண்டு வரை அமெரிக்க இராணுவம் சாதாரண மக்களுக்கான சமிக்ஞையை வேண்டுமென்றே குழப்பித்தான் அனுப்பியது. அதனால் காட்டப்படும் இடம் நூறு மீற்றர் வரை பிசகும். அவ்வாண்டு மே முதலாம் திகதி ஜனாதிபதி கிளிண்டன் அந்தக் குழப்பத்தை நீக்க உத்தரவிட்டார். பிழை ஒரே இரவில் பத்து மீற்றரளவுக்குச் சுருங்கியது. மே 3ஆம் திகதி, ஒரிகன் மாநிலத்தின் பீவர்க்ரீக் என்ற ஊருக்கு அருகில் டேவ் அல்மர் என்ற கணினித் துறையாளர் ஒரு கறுப்பு வாளியைப் பாதி மண்ணில் புதைத்து, அதன் அகலாங்கையும் நெட்டாங்கையும் இணையத்தில் அறிவித்தார். சொன்ன இடத்தைச் செய்மதி உண்மையாகவே காட்டுகிறதா என்று சோதித்துப் பார்ப்பதே நோக்கம். வாளிக்குள் புத்தகம், வீடியோ, கொஞ்சக் காசு, ஒரு கவண், ரின்னில் அடைத்த அவரை ஆகியன இருந்தன. மூன்று நாட்களுக்குள் இரண்டு பேர் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அதே ஆண்டு செப்டெம்பரில் ஜெரமி ஐரிஷ் என்பவர் இதற்கென ஓர் இணையத்தளத்தைத் தொடங்கினார். இன்று உலகில் முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் இருக்கின்றன. 190க்கும் அதிகமான நாடுகளில், அந்தார்டிக்காவில்கூட இருக்கின்றன.

புதையல் என்றதும் தங்கத்தையோ பணத்தையோ எதிர்பார்த்துவிடாதீர்கள். இதில் பந்தயமும் இல்லை, பரிசும் இல்லை. நீர் புகாத ஒரு சிறிய பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே ஒரு சிறு கொப்பி, பெரும்பாலும் ஒரு பென்சில். கண்டுபிடித்தவர் தன் பெயரையும் திகதியையும் அக்கொப்பியில் எழுதவேண்டும். பிள்ளைகளுக்காகச் சில சில்லறைப் பொருட்களும் இருக்கும்: விளையாட்டுக் கார், கோலிக் குண்டு, சாவிக் கொத்து. ஒன்றை எடுத்தால் அதே பெறுமதியுள்ள அல்லது அதைவிட மேலான ஒன்றை வைக்க வேண்டும். எழுதி முடித்ததும் பெட்டி முன்பு இருந்த இடத்திலேயே, முன்பு இருந்தது போலவே மறைந்திருக்க வேண்டும். பெட்டிகளில் பெரியவை துப்பாக்கி ரவைகள் வைக்கும் பழைய இரும்புப் பெட்டிகள். சிறியவை புகைப்படச் சுருள் அடைத்துவரும் கறுப்புக் குப்பிகள். அவற்றுக்கும் சிறியதாக, விரல் நுனியளவில் காந்தத்தோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. அதற்குள் சுருட்டிவைத்த காகிதத்தை வெளியே எடுப்பதற்கு மருமகள் தன் உம்மாவின் அழகுசாதனப் பையிலிருந்து முள்வாங்கியைக் கொண்டுவந்திருந்தாள்.

இடத்தைக் குறிக்கும் எண்கள் பாகையிலும் கலையிலும், கலையின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரையிலும் கொடுக்கப்படுகின்றன. அகலாங்கில் அந்த ஆயிரத்தில் ஒரு பங்கு ஏறத்தாழ 1.85 மீற்றர். நடைமுறையில் செய்மதி உங்களை ஐந்தாறு மீற்றர் வட்டத்துக்குள் கொண்டுபோய் நிறுத்திவிடும். அதற்குப் பிறகு செய்மதியால் பயனில்லை, கண்ணும் புத்தியும்தான். இங்கே நிற்கும் பத்து மரங்களில் எது கொஞ்சம் வித்தியாசமாக இருக்கிறது? இந்தக் கற்குவியல் தானாக விழுந்ததா, யாரோ அடுக்கியதா? பாடசாலையில் பிள்ளைகளுக்கு அகலாங்கு, நெட்டாங்கைக் கரும்பலகையில் கீறிக்காட்டிக் களைத்த ஆசிரியர்களுக்கு நான் சொல்வது புரியும். மருமகளுக்கு அதை யாருமே கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

எங்கள் முதலாவது நிறுத்தம் ஜெரில்டெரியைக் கடந்து ஓர் ஓய்விடத்தில். நான்கு யூக்கலிப்டஸ் மரங்கள், ஒரு மேசை, ஒரு குப்பைத்தொட்டி, ஒரு மலசலகூடம். வேறெதுவும் இல்லை. மருமகன் ஒரு விழுந்த மரத்தின் அடியில் குனிந்து, பட்டைத் துண்டொன்றை நீக்கி, பச்சை நாடா சுற்றிய ஒரு பெட்டியை வெளியே இழுத்தான். எனக்கு நெஞ்சு ஒரு கணம் நின்றது. “தொடாதே மகன்!” என்று சத்தமிட்டுவிட்டேன். மச்சான் சிரிக்கவில்லை. அவருக்குத் தெரியும். நமது நாட்டில் 2009 வரை, பஸ்ஸின் சீற்றுக்கடியிலோ வீதியோரத்திலோ கிடக்கும் பொதியைத் தொடக்கூடாது என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். உரிமையாளர் இல்லாத பெட்டிக்கு நமது அகராதியில் ஒரேயொரு பொருள்தான் இருந்தது. அங்கே பிறந்த மருமகனுக்கோ அதே பெட்டி, தன்னைப்போன்ற யாரோ ஒருவர் தனக்காக வைத்துவிட்டுப்போன ஒன்று. “மாமா, பயப்படாதீங்க, மூடியில எழுதியிருக்கு பாருங்க” என்றான். இது ஒரு விளையாட்டுப் பெட்டி, தீங்கற்றது, கண்டவர் இருந்த இடத்திலேயே வைத்துவிடவும் என்று மூடியில் ஆங்கிலத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

அந்தப் பயம் நமக்கு மட்டும் உரியதல்ல. 2011ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வெதர்பி என்ற சிறு நகரத்தில், கடைத்தெருவில் இப்படியொரு பெட்டியை ஒருவர் குனிந்து எதுவோ செய்வதைக் கண்டவர்கள் பொலிஸுக்கு அறிவிக்க, தெரு மூடப்பட்டு, இராணுவத்தின் குண்டு செயலிழக்கும் பிரிவினர் வந்து அதை வெடிக்கவைத்து அழித்தார்கள். உள்ளே கொப்பிதான் இருந்தது. பெட்டியின் வெளியே அது என்னவென்று தெளிவாக எழுதவேண்டும், பாடசாலை, புகையிரதப் பாதை, விமான நிலையம் போன்றவற்றின் அருகே வைக்கக்கூடாது, நிலத்துக்குரியவரின் அனுமதி வேண்டும் என்பதெல்லாம் வெறும் சம்பிரதாயம் அல்ல என்பது இதனால் விளங்கும். ஆளரவமற்ற காட்டு வீதியின் ஓய்விடம் இதற்கு எவ்வளவு பொருத்தமான இடம் என்பதும் விளங்கும்.

இப்போது முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிறுத்தி இறங்குங்கள் என்று அந்நாட்டு அரசு முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லிவருகிறது. வீதி நெடுகிலும் பலகைகள் வைத்திருக்கிறது. நீண்ட விடுமுறை நாட்களில் தொண்டர்கள் வீதியோரத்தில் கூடாரம் அடித்து, போகிற வருகிற சாரதிகளுக்கு இலவசமாகத் தேநீரும் கோப்பியும் பிஸ்கட்டும் கொடுக்கிறார்கள். 1997இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ என்ற விஞ்ஞான சஞ்சிகையில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தொடர்ச்சியாகப் பதினேழு மணித்தியாலம் விழித்திருக்கும் ஒருவரின் செயற்றிறன், இரத்தத்தில் 0.05 சதவீத மதுசாரம் கலந்தவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது என்பது அதன் முடிவு. அந்நாட்டில் சாதாரண சாரதிக்குச் சட்டம் வகுத்திருக்கும் எல்லையும் அதே 0.05தான். வாழ்நாளில் மதுவைத் தொட்டறியாத நம்மில் ஒருவர் அதிகாலையில் எழுந்து, பகலெல்லாம் வேலை செய்து, இரவில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நீண்ட பயணம் கிளம்பும்போது எந்த நிலையில் ஓட்டுகிறார் என்பதை எண்ணிப்பாருங்கள்.

இருந்தும் மனிதன் நிறுத்துவதில்லை. “இன்னும் ஐம்பது கிலோமீற்றர்தானே” என்பான். மச்சானும் அப்படிப்பட்டவர்தான். மெல்பேர்ணிலிருந்து சிட்னி வரை பெற்றோலுக்கு மட்டும் நிறுத்திப் போனதாக ஒருமுறை பெருமையாகச் சொன்னவர். பலகை சொல்லி, மனைவி சொல்லிக் கேளாதவர், பின்சீற்றிலிருந்து “வாப்பா, அடுத்த ஓய்விடத்துல ஒண்ணு இருக்கு!” என்ற குரலுக்கு உடனே சமிக்ஞை விளக்கைப் போட்டார். இறங்கியபின் பிள்ளைகள் மட்டும் தேட, சாரதி உள்ளேயே இருந்துவிட முடியாது. அவரும் இறங்கி, குனிந்து, வேலிக் கம்பத்தைத் தடவி, மரத்தைச் சுற்றி, பிள்ளைக்கு முன் தான் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று பதினைந்து நிமிடம் ஓடித்திரிவார். கை கால் நீட்டி, கண்ணுக்குத் தூரத்தையும் கிட்டத்தையும் மாற்றி மாற்றி வேலை கொடுத்து, மூச்சு வாங்கித் திரும்பிவரும்போது முகத்தில் நித்திரையின் சாயலே இராது. லுஹருக்காக நிறுத்திய இடத்தில் ஒருமுறை, போத்தல் தண்ணீரில் ஒழூச் செய்துகொண்டிருந்தபோதே பெட்டி இருக்கும் இடம் அவர் கண்ணில் பட்டுவிட்டது. தொழுது முடியும்வரை பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை.

ஓய்விடங்களில் பெட்டி வைப்பவர்கள் இதை அறிந்தே வைக்கிறார்கள். பெட்டியின் விபரக்குறிப்பில் நிழல் இருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா, மலசலகூடம் சுத்தமா என்றெல்லாம் எழுதியிருப்பதை மருமகன் வாசித்துக்காட்டினான். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். பெரிய லொறிகளுக்கென ஒதுக்கிய இடத்தில் காரை நிறுத்திவிட்டுப் பெட்டி தேடப் போகக்கூடாது. நித்திரை கொள்ள இடமின்றி அந்த லொறிச் சாரதி மேலும் ஒரு மணித்தியாலம் ஓட்ட நேர்ந்தால் அந்த ஆபத்து வீதியிலுள்ள அத்தனை பேருக்கும்தான்.

போர்ப்ஸுக்குத் தெற்கே 2022இன் பிற்பகுதியில் வெள்ளம் வந்து வீதியையே நாட்கணக்கில் மூடிவிட்டிருந்தது. நாங்கள் போனபோது ஒட்டுப்போட்ட தாரையும் திருத்த வேலையாட்களையும் கண்டோம். பார்க்ஸ் நகரைத் தாண்டியதும் வலப்பக்கத்தில் வயல்களுக்கு நடுவே ஒரு பிரமாண்டமான வெள்ளைக் கிண்ணம் எழுந்து நிற்கும். 64 மீற்றர் விட்டமுள்ள பார்க்ஸ் வானொலித் தொலைநோக்கி அது. 1961இல் திறக்கப்பட்டது. 1969 ஜூலையில் மனிதன் சந்திரனில் நடந்த காட்சியின் பெரும் பகுதியை உலகம் பார்த்தது இக்கிண்ணத்தின் ஊடாகவே. சுற்றிலும் செம்மறிகள் மேய்ந்துகொண்டிருந்தன.

கில்காண்ட்ரா என்ற சிற்றூரில் மதிய உணவு. 1915 ஒக்டோபரில், முதலாம் உலக யுத்தத்துக்கு ஆள் சேர்ப்பதற்காக இங்கிருந்து இருபத்தாறு பேர் சிட்னியை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். வழியிலுள்ள ஊர்களில் ‘கூயீ’ என்று கூவி அழைத்துக்கொண்டு போனார்கள். சிட்னியை அடைந்தபோது 263 பேர். ‘கூயீ’ என்பது காட்டில் ஒருவரையொருவர் அழைக்கப் பூர்வகுடிகள் பயன்படுத்திய ஒலி. வந்தேறிய வெள்ளையரும் அதையே பழகிக்கொண்டார்கள். நம்மவர்கள் வயல் வெளியில் கூப்பிடும் ‘கூ’வுக்கும் அதற்கும் அதிக தூரமில்லை. பிள்ளைகள் பெட்டி தேடி மரங்களுக்குள் போகும்போதெல்லாம், கண்ணுக்கு மறைந்தால் ‘கூயீ’ என்று கூவவேண்டும் என்பது மதினி போட்ட சட்டம்.

டப்போவிலிருந்து பெட்டிகளோடு கிரகங்களும் சேர்ந்துகொண்டன. ஆச்சரியப்படாதீர்கள். கூனபராபிரன் நகருக்கு அருகிலுள்ள சைடிங் ஸ்பிரிங் வான் ஆய்வு நிலையத்தில் 37 மீற்றர் அகலமான ஒரு குவிமாடம் இருக்கிறது. அதைச் சூரியன் என்று வைத்துக்கொண்டு, சூரியக் குடும்பத்தை மூன்று கோடியே எண்பது இலட்சம் மடங்கு சிறிதாக்கி, அதற்கு ஏற்ற தூரங்களில் வீதியோரங்களில் கிரகங்களின் உருவங்களைப் பலகைகளில் பொருத்திவைத்திருக்கிறார்கள். இந்தக் கணக்கில் நமது பூமி 34 சென்றிமீற்றர் குறுக்களவுள்ள உருண்டை. சூரியனிலிருந்து அது நான்கு கிலோமீற்றரில் இருக்கும். நெப்டியூன் ஏறத்தாழ 118 கிலோமீற்றரில். டப்போவிலே புளூட்டோவைக் கண்டோம். அதன் பிறகு ஒரு கிரகத்துக்கும் அடுத்த கிரகத்துக்கும் இடையே அரைமணித்தியாலம் வெறும் வீதி ஓடுவதைப் பார்த்த மருமகள், “இவ்வளவும் வெறும் இடமா மாமா?” என்று கேட்டாள். வானவியல் நூல்களில் நான் வாசித்த எந்த வசனமும் இந்த வெறுமையை இப்படிப் புரியவைக்கவில்லை.

கூனபராபிரனில் இராத் தங்கினோம். பக்கத்திலுள்ள வொரம்பங்கில் தேசிய பூங்காவை 2016இல் அவுஸ்திரேலியாவின் முதலாவது இருள்வான் பூங்காவாக அறிவித்தார்கள். அவ்வளவு இருட்டு, அவ்வளவு நட்சத்திரம். அரபு படித்தவனுக்கு வானம் ஓர் அகராதி. உச்சிக்கு அருகே ஃபொமல்ஹோட், அதாவது ‘ஃபமுல் ஹூத்’, மீனின் வாய். தென்கிழக்கில் அக்கர்நார், அதாவது ‘ஆகிருந் நஹ்ர்’, ஆற்றின் முடிவு. பாலைவனத்திலும் கடலிலும் வழி தேடியவர்கள் பார்த்த வானம் இது. மருமகனின் தொலைபேசி வழி கேட்பது அதே வானத்தில்தான், மனிதன் ஏவிய செய்மதிகளிடம்.

மறுநாள் காலை பிலிகாக் காட்டுக்குள் நுழைந்தோம். அவுஸ்திரேலியர் நகரத்துக்கு அப்பாலுள்ள எல்லாவற்றையுமே ‘புஷ்’ என்று சொல்லிவிடுவார்கள், வயலாக இருந்தாலும் சரிதான். ஆனால் பிலிகா உண்மையான புஷ். ஐந்து இலட்சம் ஹெக்டேயருக்குக் குறையாத வறண்ட காடு. சைப்ரஸ் பைன், இரும்புப்பட்டை யூக்கலிப்டஸ், அடியில் பற்றை, மணல். கமிலராய் பூர்வகுடிகளின் பூர்வீக நிலம். கூனபராபிரனிலிருந்து நரப்ரை வரை சுமார் 120 கிலோமீற்றருக்கு நடுவில் ஊர் என்று சொல்ல எதுவுமில்லை. பெற்றோல் நிலையமும் இல்லை. தொலைபேசித் தொடர்பும் பெரும்பாலும் அறுந்துவிடும். செய்மதிச் சமிக்ஞைக்குத் தொலைபேசிக் கோபுரம் தேவையில்லை என்பதால் இடம் மட்டும் தெரியும். வரைபடத்தை முந்திய இரவே இறக்கி வைத்திருந்தது மருமகனின் சாமர்த்தியம்.

இங்கே நாங்கள் நான்கு முறை நிறுத்தினோம். அழகு என்று உடனே சொல்லத்தக்க காடு அல்ல இது. காரில் 110இல் போனால் சாம்பல் பச்சைச் சுவர் ஒன்று இருபுறமும் ஓடும், அவ்வளவுதான். இறங்கி ஐந்து நிமிடம் நின்றால்தான் அது திறக்கும். பைன் பிசினின் வாசம், வெயிலில் பட்டை உரியும் ஓசை, மணலில் யாரோ எழுதிவிட்டுப் போனதுபோல் பல்லியின் வால் கோடு, தாழப் பூத்த மஞ்சள் வாட்டில். பெட்டி தேடுபவன் தரையைப் பார்க்கிறான், வேரைப் பார்க்கிறான், மரப்பொந்தைப் பார்க்கிறான். சுற்றுலாப் பயணி பார்க்காதவை இவை. மச்சான் பத்து வருடம் அந்நாட்டில் வாழ்ந்தும் எறும்புத்தின்னி எக்கிட்னாவைக் கண்டது அன்றுதான். கண்டதும் அது மண்ணைக் கிளறி உடம்பைப் பாதி புதைத்துக்கொண்டு முள்ளுருண்டையாகிவிட்டது.

பொந்தைப் பார்க்கலாம், கையை விடக்கூடாது. செப்டெம்பர் அங்கே வசந்தம். பழுப்புப் பாம்புகள் குளிர்காலச் சோம்பலை உதறி வெயில் காய வரும் காலம். உலகின் மிகக் கொடிய விஷப் பாம்புகளில் அதுவும் ஒன்று. பெட்டியின் அடிப்புறமும் மூடியின் விளிம்பும் சிவப்புமுதுகுச் சிலந்திக்கு விருப்பமான வீடு. ஆகவே ஒரு தடியால் தட்டி, தடியால் புரட்டி, கையுறையோடு எடுக்கவேண்டும். முழுச் சப்பாத்தும் நீளக் காற்சட்டையும் கட்டாயம். ஆளுக்கு ஒரு போத்தல் தண்ணீர் கையில் இருக்க வேண்டும், காரில் இருந்தால் போதாது. இருநூறு மீற்றர் உள்ளே போனதும் எல்லா மரமும் ஒரே மரமாகத் தெரிந்தது. காரின் இடத்தையும் தொலைபேசியில் குறித்துக்கொண்டு போவது ஏன் என்பது அப்போது புரிந்தது.

நெடுஞ்சாலையிலிருந்து சற்று விலகி மணற்கல் குகைகள் இருக்கின்றன. 1.7 கிலோமீற்றர் சுற்றுப்பாதை. பாறையில் பூர்வகுடிகள் செதுக்கிய கோடுகளைக் கம்பி வலையிட்டுப் பாதுகாத்திருக்கிறார்கள். இப்படியான இடங்கள் பெட்டி ஒளிப்பதற்குரியவை அல்ல. அம்மாநிலத்தின் தேசிய பூங்காக்களிலும் ஒதுக்கிடங்களிலும் பெட்டி வைக்க முன்கூட்டியே அனுமதி பெறவேண்டும் என்பது விதி. அது சரியான விதி என்றே நினைக்கிறேன். நூறு பேர் ஒரே பாறையைச் சுற்றித் தேடினால் பாறைக்கு என்ன ஆகும்?

இவ்விளையாட்டில் எனக்குப் பிடிக்காத ஒரு பகுதியும் உண்டு. இரு பெட்டிகளுக்கு இடையே குறைந்தது 161 மீற்றர் இருக்கவேண்டும் என்பது ஒழுங்கு. நெருக்கமாகக் குவிந்துவிடாதிருக்க வகுத்த ஒழுங்கு அது. சிலர் அதையே அளவுகோலாக்கி, வீதியோரம் முழுக்க 161 மீற்றருக்கு ஒன்று என்று குப்பிகளை வரிசையாக வைத்துவிடுகிறார்கள். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் 375ஆம் இலக்க வீதியில் 2010இல் இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்டவை வைக்கப்பட்டன. நிறுத்து, பாய், கையெழுத்திடு, ஏறு, அடுத்ததில் நிறுத்து. ஒரே நாளில் எத்தனை என்ற எண்ணிக்கைதான் குறி. வீதிப் பாதுகாப்புக் கருதி மாநில வீதித் திணைக்களம் கேட்டுக்கொண்டதன் பேரில் 2011இல் அவை அகற்றப்பட்டு, பின்னர் வேறு ஏற்பாடுகளோடு மீண்டும் வந்தன. களைப்பை நீக்கவேண்டிய நிறுத்தமே இங்கு களைப்பைக் கொடுக்கிறது. ஆயிரம் இடங்களில் இறங்கியும் ஓரிடத்தையும் பாராதவனைப் பிரயாணி என்று எப்படிச் சொல்வது?

நல்ல வழக்கமொன்றையும் சொல்லவேண்டும். தேடப் போகிறவர்கள் கையோடு ஒரு வெறும் பை கொண்டுபோய், வழியில் கிடக்கும் குப்பையைப் பொறுக்கி வருகிறார்கள். மருமகளின் பை நரப்ரையை அடைவதற்குள் இரண்டு முறை நிறைந்துவிட்டது. பெரும்பாலும் குளிர்பானப் போத்தல்களும் உணவுப் பொட்டலக் காகிதங்களும். அவளே காரிலிருந்து இறங்கிப் பொறுக்கியதால், அதன் பிறகு யன்னலால் ஒரு டொபித் தாளைக்கூட அவள் எறியவில்லை, தன் நானாவையும் எறிய விடவில்லை.

நான்காவது நிறுத்தம் நெடுஞ்சாலையிலிருந்து ஒரு மண் பாதையில் சிறிது உள்ளே. இரும்புப்பட்டை மரமொன்றின் பிளவில் ரவைப்பெட்டி. உள்ளே தடித்த கொப்பி, முன்பக்கங்கள் மஞ்சள் பூத்திருந்தன. ஜெர்மனியர், நியூசிலாந்தர், ஓய்வுபெற்று கரவனில் நாட்டைச் சுற்றும் தம்பதிகள், பிள்ளைகளின் கோணல் எழுத்துகள். நடுவில் ஒரு லொறிச் சாரதியின் வரி. இரவு இரண்டு மணிக்கு வீதியின் வெள்ளைக் கோடு இரண்டாகத் தெரிந்ததால் ஓய்விடத்தில் நிறுத்திப் படுத்ததாகவும், விடிந்ததும் மகளுக்காக இதைத் தேடி நடந்து வந்ததாகவும் எழுதி, கீழே மகளின் பெயரையும் எழுதியிருந்தார். மச்சான் அந்த வரியை இரண்டு முறை வாசித்தார். எங்கள் ஐந்து பேரின் பெயரையும் மருமகள் எழுத, எனது பெயரை நான் தமிழிலேயே எழுதினேன். அந்தக் கொப்பியில் அதற்கு முன் தமிழ் எழுத்து இருக்கவில்லை.

நாங்கள் கடந்துபோய் மூன்று மாதங்களுக்குள், 2023 டிசம்பரில், பிலிகாக் காடு பற்றியெரிந்தது. ஒரு இலட்சம் ஹெக்டேயருக்கு மேல் எரிந்து போனது. பிரிஸ்பேனிலிருந்து மருமகன் அந்த மண் பாதைப் பெட்டியின் பக்கத்தைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்ததாக மதினி தொலைபேசியில் சொன்னார். முதலில் தற்காலிகமாக இல்லை என்று வந்தது. சில மாதங்களுக்குப் பின் உரிமையாளர் போய்ப் பார்த்து எழுதியிருந்தார். மரம் கருகியிருக்கிறது, ஆனால் தண்டிலிருந்து துளிர் விடுகிறது. இரும்புப் பெட்டி இருக்கிறது, உள்ளே இருந்த கொப்பி சாம்பல். புதிய கொப்பி ஒன்றும் இரண்டு பென்சில்களும் வைத்திருக்கிறாராம்.